விரல்-5 கணக்கை மீட்டுத் தரவும், அதை நீக்கிய என்னை விசாரிக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
"சல்லடை" என்ற புனைபெயரில் பணிபுரியும் தன்னார்வக் காவலர்,
மறுவாழ்வு மருத்துவமனை இணைய மன்றம்.
(தொழில்: பொத்தான் ஆலையில் தரம் பார்ப்பவர். உறவு: பக்கவாதப் பிரிவில் பயிற்சி பெறும் நோயாளி ஒருவரின் மனைவி.)

பெறுநர்:
இணைய சேவை அலுவலர் அவர்கள்,
மறுவாழ்வு மருத்துவமனை,
நிர்வாகக் கட்டடம், இரண்டாம் தளம்.

எதிர்மனுதாரர்:
மேற்படி அனுப்புநரே.

பொருள்: ஸ்பேம் எனச் சந்தேகித்து நீக்கப்பட்ட "விரல்-5" கணக்கையும் அதிலிருந்த ஒரே பதிவையும் ஜூலை 11க்குள் மீட்டுத் தரக் கோருதல் – நீக்கிய காவலர் மீது புகார் – தொடர்பாக.

பார்வை: (1) மன்ற விதி 14, சந்தேகக் கணக்குகளை நீக்கும் முறை. (2) கணக்கை மீட்க நான் செய்த முயற்சிக்கு 28-06-2024 அன்று கணினி அளித்த மறுப்பு.

மதிப்பிற்குரிய அம்மா,

1. புகார் எழுதுகிறவர்கள் பொதுவாகக் கொதித்துப்போய் எழுதுவார்கள். நானும் அப்படி மூன்று மனுக்களை இதே அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன், கோப்பில் இருக்கும். இந்த நான்காவது மனுவை எழுதும்போது என் மனம் லேசாக இருக்கிறது. நடந்த தவறில் எட்டில் ஏழு பங்கு சரியாகிவிட்டது. மீதி ஒரு பங்கு தங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. தவறு செய்தவர் யார் என்று தாங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. நான்தான்.

2. நம் மன்றத்தைப் பற்றித் தாங்கள் அறிவீர்கள். பக்கவாதம் வந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் சந்தேகம் கேட்கவும், ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லவும் மருத்துவமனை நடத்தும் இடம் அது. போலிக் கணக்குகளைக் கண்டுபிடித்து நீக்க அங்கே ஐந்து காவலர்கள் இருக்கிறோம். நாங்கள் யாரென்று வெளியே சொல்லக்கூடாது என்பதால் ஆளுக்கொரு புனைபெயர். நான் சல்லடை. இது என் வீட்டாருக்கு மட்டுமே தெரியும்.

3. நான் காவலரானதற்கு ஒரு காரணம் உண்டு. என் கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கடந்த செப்டம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. பேச்சில் மிச்சமிருந்தவை நாலைந்து சொற்கள். அவற்றில் தெளிவாக வந்தது "பிரேக்" என்பது. தட்டில் அதிகமாக வைத்தாலும் பிரேக், நான் அதிகமாகப் பேசினாலும் பிரேக். இரண்டாவதைத்தான் அடிக்கடி கேட்டேன்.

அந்தச் சமயத்தில் என் நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, நம் மன்றத்தில் ஒரு பதிவைப் படித்தார். "என் கை இன்று அசைந்தது! மூன்றே வாரத்தில்!" என்று யாரோ எழுதி, கீழே ஒரு மூலிகை எண்ணெய்ப் புட்டியின் படத்தைப் போட்டிருந்தார்கள். "பாரும்மா, அசைஞ்சிடுச்சாம், நம்ம தம்பிக்கும் அசையும்" என்று கண்ணில் நீரோடு கைபேசியை என்னிடம் நீட்டினார். நாத்தனார் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. தம்பி என்றால் அவருக்கு உயிர். இரண்டு பேருமாக இரண்டு மாதம் அந்த எண்ணெயைத் தேய்த்தோம். எண்ணெய் இருக்கிறதே என்று பயிற்சிக்கு அழைத்துப் போகவில்லை. பக்கவாதம் வந்த கை எதையும் சுலபமாகத் திரும்பக் கற்றுக்கொள்ளும் மாதங்களே அவைதாம் என்று டிசம்பரில் இங்கே சேர்த்த பிறகுதான் தெரிந்தது. "போனது போகட்டும்" என்றார்கள். எல்லோருக்கும் போயிற்று, எனக்குப் போகவில்லை. ஜனவரியில் காவலர் பணிக்கு எழுதிக்கொடுத்தேன்.

4. என் தொழிலைப் பற்றி இரண்டு வரி எழுத அனுமதிக்கவும். ஆலையில் பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மேல் பொத்தான்கள் வரும். துளை பிசகியது, விளிம்பு உடைந்தது எதுவானாலும் கண் பார்க்கும் முன்பே கை எடுத்துவிடும். நின்று யோசித்தால் அதற்குள் முப்பது பொத்தான் போய்விடும். இந்தக் கையைத்தான் மன்றத்துக்கும் கொண்டுவந்தேன். ஐந்து மாதத்தில் நான் நீக்கிய கணக்குகள் இருநூற்றுப் பன்னிரண்டு. இதற்காகத் தங்கள் அலுவலகம் எனக்குப் பாராட்டுக் கடிதமும் அனுப்பியது. அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். இப்போது கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

5. எண்ணெய்க்காரர்கள் செய்யும் தந்திரம் இது: முதலில் பரம சாதுவாக ஒரு வரி எழுதுவார்கள். அதில் தொலைபேசி எண்ணும் இருக்காது, படமும் இருக்காது. நான்கு பேர் "வாழ்த்துகள்" என்று பதில் போட்ட பிறகு, அதே பதிவைத் திருத்திப் புட்டியின் படத்தைச் சேர்ப்பார்கள். எனவே புட்டி வரும் முன்பே பிடிக்க வேண்டும் என்று மார்ச் மாதம் தங்களுக்கு மனு கொடுத்து விதி 14ஐத் திருத்த வைத்தவள் நான். அந்த விதிப்படி, கணக்குக்கு முகப்படம் இல்லாமலும், ஒரே இணைப்பிலிருந்து பல கணக்குகள் வந்தும், எல்லாவற்றிலும் ஒரே வாசகம் இருந்தும் கண்டால், காவலர் கேள்வி கேட்காமல் நீக்கலாம். "விசாரி" என்றொரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் கணக்குக்காரருக்குக் கேள்வி போகும், பதிலுக்கு ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். எண்ணெய்க்காரர்கள் தேனொழுகப் பதில் எழுதி ஐந்து நாளையும் ஓட்டிவிடுகிறார்கள் என்று வாதாடி அந்தப் பொத்தானையும் எடுக்க வைத்தேன். என் வாயைத் தாங்கள் அறிவீர்கள்.

6. ஜூன் 4, செவ்வாய்க்கிழமை முதல் மன்றத்தில் புதிய கணக்குகள் முளைக்கத் தொடங்கின. பெயர்கள் விரல்-1, விரல்-2, விரல்-3 என்று வரிசையாக. ஒன்றுக்கும் முகப்படம் இல்லை. எல்லாம் ஒரே இணைப்பிலிருந்து. செவ்வாய், வெள்ளி காலை பத்து முதல் பன்னிரண்டுக்குள் மட்டும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பதிவு, அதில் ஒரே ஒரு வரி:

"என் விரல் இன்று அசைந்தது."

அம்மா, என் இடத்தில் தாங்கள் இருந்தாலும் என்ன செய்திருப்பீர்கள்? எனக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றி எரிந்தது. போன முறை கை, இந்த முறை விரலா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நீக்கினேன். விரல்-2 மட்டும் புதிய கணக்கு தொடங்கித் தொடங்கி மறுபடியும் வந்தது. மூன்று முறை நீக்கினேன். மூன்றாம் முறை காவலர் குறிப்பேட்டில் "சரியான விடாக்கண்டன்" என்று எழுதிவைத்தேன். அந்தக் குறிப்பு இன்னும் அங்கே இருக்கிறது. அதை அழிக்க அனுமதி கோருகிறேன்.

7. ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை 10.52க்கு விரல்-5 பதிவிட்டது. ஆலையில் எங்களுக்குப் பதினொன்றரைக்குத் தேநீர் இடைவேளை. ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் கைபேசி. 11.34க்கு நீக்கினேன். டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை.

மதியம் ஒரு மணிக்கு வழக்கம்போலக் கணவரை அழைத்துவரப் பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கையைச் சட்டைப் பைக்குள் செருகி வைத்திருந்தார். என்னவென்று கேட்டேன்; முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் சாப்பிட்டார், தூங்கினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். நான் மூச்சுவிடாமல் பேசினாலும் "பிரேக்" சொல்லவில்லை. பதினாறு ஆண்டுத் திருமண வாழ்க்கையில் என்னைப் பயமுறுத்திய அமைதி அதுதான். பயிற்சிக்கு அழைத்துப் போனால் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். நோய் மனதுக்கு ஏறிவிட்டதோ என்று நாத்தனாரும் நானும் சமையலறையில் நின்று மாறிமாறி அழுதோம். இப்படிப் பதினேழு நாள்.

8. ஜூன் 28, வெள்ளிக்கிழமை, பக்கவாதப் பிரிவின் குடும்பக் கூட்டம். பயிற்சிக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பயிற்சி தரும் இயன்முறை மருத்துவரைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள்; கழுத்தில் விசிலோடு வருவார், எல்லோரும் விசில் மேடம் என்போம். அன்று விசிலை ஊதாமலே ஆரம்பித்தார். அவர் பேசியதைச் சாட்சியம் என்ற முறையில் அப்படியே எழுதுகிறேன்: "மன்றத்துல சல்லடைன்னு யாரோ ஒரு ஆளாம். நம்ம ஆளுங்க உயிரைக் குடுத்து எழுதினதை எல்லாம் ஒரே தட்டுல தூக்கிப் போட்டுட்டாங்க. அந்த ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

நான் மூன்றாவது நாற்காலியில் இருந்தேன்.

9. பிறகு அவர் விளக்கியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவருடைய கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. செயலிழந்த கையில் ஒரு விரல் முதன்முறை தானாக அசைந்தால், கைதட்டமாட்டார், இனிப்பு தரமாட்டார். அந்த நோயாளியைக் கணினி முன்னால் உட்காரவைத்து, அதே விரலால் ஒரே ஒரு வரியைத் தட்டச்சு செய்யச் சொல்வார். எல்லோருக்கும் அதே வரி. வேறு விரல் உதவிக்கு வரக்கூடாது, வேறு ஆள் ஓர் எழுத்தையும் தொடக்கூடாது. எழுதி முடிக்க ஒருவருக்கு நாற்பது நிமிடம், இன்னொருவருக்கு ஒரு மணி நேரம். முடித்ததும் அவர்களே அதை மன்றத்தில் போட வேண்டும், வீட்டாருக்கும் அவர்களே காட்ட வேண்டும்; மேடம் முந்திக்கொண்டு சொல்லமாட்டார். ஏப்ரல் வரை அதை அச்செடுத்துத் தன் அறைச் சுவரில் ஒட்டினாராம். ஊருக்கே தெரியட்டும் என்று இந்த முறை மன்றத்துக்கு மாற்றினாராம். கணக்குகளின் பெயரும் அவர் வைத்ததே. நான் அனுப்பிய நீக்கல் அறிவிப்புகள் பிரிவின் பொது மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. அதை முந்தைய நாள்தான் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள்.

விரல்-2 ஓய்வுபெற்ற தபால்காரர். தன் வரி காணாமல் போனதும், சரியாகத்தான் அனுப்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மறுபடியும் முதலிலிருந்து எழுதியிருக்கிறார். மொத்தம் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம். ஆயுள் முழுவதும் ஊரார் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதரின் ஒரு வரியை நான் போய்ச் சேரவிடவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்பதை மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை, இருக்கிறது, எழுதுகிறேன்.

10. விசில் மேடம் பேசி முடித்ததும் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை சட்டைப் பைக்குள். அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. விரல்-5 இவர்தான்.

மற்றவர்கள் கணக்குக்குப் பிரிவின் மின்னஞ்சலைத் தந்திருந்தார்கள்; இவர் தந்திருந்தது தன் கைபேசி எண். எனவே அறிவிப்பு அவர் கைக்கே போயிருக்கிறது: "தங்கள் கணக்கு ஸ்பேம் எனக் கண்டறிந்து நீக்கப்பட்டது. இது குறித்துக் கடிதப் போக்குவரத்து வேண்டாம். நீக்கியவர்: சல்லடை." அந்த வாசகமும் நான் எழுதிக் கொடுத்ததே. ஒரு மணிக்கு நான் வந்ததும் காட்டலாம் என்று திறந்து வைத்துக் காத்திருந்தவர் அதைத்தான் படித்திருக்கிறார். சல்லடை யார் என்று அந்தக் கூடத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர். பதினேழு நாள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தார். அன்றும் வாயைத் திறக்கவில்லை.

எழுந்து நின்றேன். "மேடம், அது நான்தான்" என்றேன். விசில் மேடம் விசிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். என் கணவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்துக் கேட்டார்: "உனக்கு… தெரியாதா?"

தான் எழுதியதை நான் தெரிந்தே அழித்தேன், நம்பாமல் அழித்தேன் என்று நினைத்திருக்கிறார், அம்மா. "சத்தியமா தெரியாதுங்க" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் போயிற்று. ஆனாலும் அது சிரிப்புதான், பத்து மாதத்தில் முதல் சிரிப்பு. பையிலிருந்து கையை எடுத்து ஆள்காட்டி விரலை அசைத்துக் காட்டி, "பிரேக்" என்றார். தபால்காரர் முதலில் கைதட்டினார். என்னைத் திட்ட வந்த கூட்டம் என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கலைந்தது.

11. அன்று மாலைக்குள், நீக்கிய எட்டில் ஏழு கணக்குகளை நானே மீட்டுவிட்டேன். தபால்காரருடைய மூன்று பதிவுகளையும் சேர்த்தே மீட்டேன். மூன்றும் இருக்கட்டும் என்றார். விரல்-5ஐ மீட்க முயன்றபோது கணினி மறுத்தது: "இவர் தங்கள் குடும்ப உறுப்பினர். உறவினர் கணக்கை மீட்கக் காவலருக்கு அதிகாரமில்லை. அலுவலரை அணுகவும்." மருத்துவமனைக் குடும்ப அட்டையின் எண்ணை வைத்து உறவைக் கண்டுபிடித்திருக்கிறது. மிக நல்லது. ஆனால் நீக்கும்போது மட்டும் அதற்கு உறவு தெரியாமல் போனது எப்படி? கட்டிய கணவரை ஒரு தட்டில் அழிக்கலாம், மீட்க மட்டும் மனுப்போட வேண்டும் என்பது என்ன நியாயம் என்று பணிவுடன் கேட்கிறேன்.

12. அவசரம் என்னவென்றால், நீக்கிய பதிவுகள் முப்பது நாள் மட்டுமே குப்பைப் பெட்டியில் இருக்கும். விரல்-5இன் பதிவு வரும் ஜூலை 11, வியாழக்கிழமை காலை 11.34க்கு நிரந்தரமாக அழிந்துவிடும். மறுநாள் 12ஆம் தேதி மருத்துவக் குழு கூடுகிறது. ஆறு மாதப் பயிற்சிக்குள் அசைவு கண்டவர்களுக்குத்தான் அடுத்த ஆறு மாதத்துக்கு இடம் தருவார்கள். அவருடைய ஆறு மாதம் ஜூன் 14 அன்று முடிந்தது. விசில் மேடத்தின் குறிப்பு இருக்கிறது. அதோடு நோயாளியே எழுதிய, தேதியிட்ட பதிவையும் குழு கேட்கிறது. இன்று அவர் புதிதாக எழுதினால் இன்றைய தேதிதான் விழும். எண்ணெயால் ஏற்கெனவே இரண்டு மாதத்தைத் தொலைத்தவருக்கு, என்னால் இன்னும் ஆறு மாதம் போய்விடக்கூடாது. இதைத் தவிர எனக்கு வேறு பெரிய கோரிக்கை இல்லை. என்றாலும் மனு என்று வந்துவிட்டதால் சிறியவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

கோரிக்கைகள்:

அ) விரல்-5 கணக்கையும், 11-06-2024 காலை 10.52 மணிப் பதிவையும், தேதியும் நேரமும் மாறாமல் ஜூலை 11க்கு முன் மீட்டுத் தர வேண்டும்.

ஆ) "விசாரி" பொத்தானைத் திரும்ப வைக்க வேண்டும். அதை எடுக்கச் சொன்ன என் மார்ச் மாத மனுவைக் கிழித்துப்போட்டாலும் ஆட்சேபணை இல்லை. பதிலைக் குரலில் சொல்லவும் வழி வேண்டும். ஒரு வரிக்கு நாற்பது நிமிடம் ஆகிறவர்களிடம் எழுத்தில் விளக்கம் கேட்பது அடாது. பயிற்சிக் கூடத்துக் கணினியின் இணைப்பைக் காவலர்கள் அனைவருக்கும் தெரிவிக்க வேண்டும்.

இ) இது என் கணவரின் யோசனை, பாதி சொல்லிலும் பாதி சைகையிலும் சொன்னார். ஓட்டுநர் பயிற்சி வண்டியில் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் அதைக் கழற்றமாட்டார்கள். அதுபோல, ஒரு காவலர் நீக்கச் சொன்ன கணக்கை இன்னொரு காவலரும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே நீக்க வேண்டும்.

ஈ) எதிர்மனுதாரரான என்னை விசாரித்து, தகுதியில்லை என்று கண்டால் காவலர் பணியிலிருந்து விடுவிக்க வேண்டும். என் தரப்பில் வாதம் ஏதும் இல்லை. பாராட்டுக் கடிதத்தைத் திருப்பித் தரவும் தயார்.

தாங்கள் போடப்போகும் ஒரு கையெழுத்துக்காக எங்கள் வீட்டில் மூன்று பேர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பதினேழு நாள் பேசாமல் இருந்தவர் இப்போது நாளைக்கு இருபது முறை பிரேக் போடுகிறார். எனக்கு அது போதும். அவருக்கு அந்த ஒரு வரியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இடம்: பயிற்சிக் கூடம், கணினி மேசை
நாள்: 05-07-2024, வெள்ளிக்கிழமை

பணிவுடன்,
(கையொப்பம்)
மனுதாரரும் எதிர்மனுதாரருமான சல்லடை

இணைப்புகள்:
1. கணினி அளித்த மறுப்பின் நகல்.
2. இயன்முறை மருத்துவரின் குறிப்பு. (ஓரத்தில் "சல்லடையை மன்னிச்சாச்சு" என்று அவரே எழுதியுள்ளார்.)
3. விரல்-5இன் வாக்குமூலம். கோரிக்கை (ஈ)யைப் படித்துவிட்டு என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, அவரே வலது ஆள்காட்டி விரலால் தட்டச்சு செய்தது. எடுத்துக்கொண்ட நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம். ஓர் எழுத்தையும் நான் தொடவில்லை:

"சல்லடையை நீக்க வேண்டாம். எண்ணெய்க்காரன் இன்னும் இருக்கிறான். என் விரல் இன்றும் அசைந்தது."